பிளஸ்ஸைப் பாடியில் கொடுத்த கார்

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கியபோது என்னை அழைத்துப்போகக் கார் வந்திருந்தது. வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஸ்டேஷனுக்கு வெளியே, புளியமரத்தடியில், இரண்டு மாட்டு வண்டிகளுக்கு நடுவில், கூரையில்லாமல், தரையோடு தரையாக, வெயிலில் வெளுத்த சிவப்பில் அது கிடந்தது. காய்ந்த மிளகாயை யாரோ மிதித்து நீட்டிவிட்ட மாதிரி ஒரு வண்டி. அதன் நீண்ட மூக்கின் மேல் ஏறி நின்று ஓர் ஆடு புளியிலையை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. அருள் ஆட்டை விரட்டவில்லை. ஆட்டுக்காரரிடம் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அருளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சேலத்தில் என் பக்கத்து வீட்டில் கொஞ்ச காலம் குடியிருந்தவன். லாபத்துக்காகப் பொய் சொல்கிறவன் இல்லை. காற்று வரட்டுமே என்று ஜன்னலைத் திறப்பதுபோலப் பொய் சொல்வான். ஏற்காடு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தபோது, மேனேஜர் என்று மாமனார் வீட்டில் சொல்லிவிட்டான். அவன் மனைவி ஸ்டெல்லா பெட்டி படுக்கையோடு மலையேறிப் போய்ப் பார்த்த அன்று, மேனேஜர் காக்கி டிரவுசர் போட்டுக்கொண்டு நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். வந்த பஸ் திரும்புவதற்குள் அவள் அதிலேயே ஏறிவிட்டாள். அதிலிருந்து மாரண்டஹள்ளிப் பக்கம் பிறந்த வீட்டில் இருக்கிறாள்.

"நீங்க சொன்னதுல ஒண்ணே ஒண்ண என் கண்ணு முன்னால கொண்டாந்து காட்டுங்க. அன்னிக்கி வர்றேன்" என்பது அவள் சொல்லியனுப்பிய நிபந்தனை. இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் அண்ணன் அவளை மைசூரில் ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் சமையல் வேலைக்குக் கொண்டுபோய் விடப்போகிறான். போனால் திரும்ப மாட்டாள் என்பது அருளுக்கும் தெரியும்.

ஆகவே கார். கார் வைத்திருப்பதாகக் கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தான். கார்தான் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. எஸ்டேட் முதலாளி ஊரைவிட்டே போகும்போது, ஷெட்டில் கிடந்த பழைய பந்தயக் காரை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். இது மட்டும் நிஜம். நான் எதற்கு என்று கேட்டேன். சாட்சிக்கு என்றான். நான் புத்தகம் போட்டவன், நான் சொன்னால் ஸ்டெல்லா நம்புவாள். என்னுடைய வசன கவிதைகளில் ஒரு வரியையாவது யாராவது நம்பியதாக எனக்குத் தகவல் இல்லை. ஆனாலும் கிளம்பிவிட்டேன். எந்தக் கதவு திறந்தாலும் அதன் வழியே வெளியே போய்விடத் தோன்றுகிற வயது எனக்கு.

டாஷ் போர்டில் வரிசையாகச் சுவிட்சுகள். மேலே இருந்த எழுத்துகள் தேய்ந்துபோய், எது எதற்கு என்பது வண்டியின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஹெட்லைட்டை இழுத்தால் வைப்பர் கண்ணாடியைத் துடைத்தது. மழை கண்டு வெகு நாளான பூமி. புழுதியைத்தான் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்தது. வைப்பரைப் போட்டால் ஒன்றும் நடக்காது. கொஞ்ச தூரம் போன பிறகு ஒற்றை விளக்கு மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு எரியும். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடித்தது. வலது பக்கம் மௌனம்.

"வெள்ளக்காரன் வண்டிங்கண்ணா. சொல்லிட்டுத்தான் திரும்பும்" என்றான் அருள்.

"அப்ப வலது பக்கம்?"

"அந்தப் பக்கம் சொல்லணும்னு அவசியமில்லீங்க."

ஆட்டுக்காரருக்கு ஹாரன் அடித்துக் காட்டியதில் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுகிற சின்னசாமியின் கடையில் கொடுத்து ஏற்றினோம். அது ஏறுகிற நேரத்தில் நாங்கள் போண்டா தின்றோம். வெளியே கல்லாகவும் உள்ளே குழம்பாகவும் இருந்த போண்டா. பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்த அளவில் ஒருவர் கேட்டது: "வண்டிக்கே கூரை போட முடியாதவன் வீட்டுக்கு எப்படிப் போட்டிருப்பான்?" மற்றவர் சொன்னது: "மழை வந்தால் ரெண்டுக்கும் சேர்த்துப் போடுவான்."

பேட்டரியை மாட்டும்போதுதான் வம்பு பிறந்தது. முதலாளி மலையிறங்கும்போது அருளிடம் சொல்லிவிட்டுப் போன விஷயம் ஒன்றுதான். மற்ற வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் ஒயர் வண்டியின் இரும்பு உடம்போடு சேரும். இந்த வண்டியில் பிளஸ் சேரும். பழைய இங்கிலீஷ் வண்டி அப்படித்தான். மாற்றிக் கொடுத்தாலும் ஓடும், ஆனால் கரண்ட் தயாரிக்கிற டைனமோவும் பேட்டரியும் ஒன்றையொன்று கடித்துத் தின்றுவிடும்.

"இதுக்குப் பிளஸ் பாடியிலங்க" என்றான் அருள்.

சின்னசாமி கையிலிருந்த ஸ்பானரோடு என்னைப் பார்த்தார். "யாருங்க இவரு?"

கூட்டத்தில் நின்ற ஒருவருக்கு அவனைத் தெரிந்திருந்தது. "நம்ம எஸ்டேட் மேனேஜருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. சின்னசாமி மைனஸைப் பாடியில் கொடுத்து இறுக்கினார். வண்டியும், வேண்டுமென்றே செய்ததுபோல, உடனே ஸ்டார்ட் ஆனது.

போகப் போகத்தான் பார்த்தேன். கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுகிற மீட்டர் தலைகீழாகியிருந்தது. விளக்கைப் போட்டால் முள் 'ஏறுகிறது' என்றது. ஹாரன் அடித்தால் இன்னும் ஏறியது. எவ்வளவு செலவழித்தோமோ அவ்வளவு சேர்ந்துகொண்டே போனது. சிவந்த கொல்லைகள், கரடுகள், கரடுகளின் மேல் யாரோ அடுக்கிவிட்டு மறந்துபோன பாறைகள். வழியில் ஓர் ஊரில் இடது வளைவு நீளமாக இருந்தது. ஹாரன் நிற்கவே இல்லை. மந்திரி வருகிறார் என்று நினைத்துப் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஒருவர் தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அருள் கும்பிட்டுவிட்டுப் போனான். மந்திரி என்று தான் வாயைத் திறந்து சொல்லவில்லையே என்று ரொம்ப தூரம் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தான்.

மீட்டர் முள் நிறைவின் உச்சியில் நின்றபோது வண்டி நின்றுவிட்டது. பானெட்டுக்குள் இருந்த ஒரு சின்னப் பெட்டியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

எங்களை இழுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டு வாசலில் விட்டவர் கோவிந்தன் என்கிற விவசாயி. டிராக்டர் வைத்திருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பேட்டரியைக் கழற்றித் தன் டிராக்டரில் மாட்டி நிலக்கடலைக் கொல்லையை உழப் போனார். உழுதால் சார்ஜ் ஏறிவிடும் என்பது அவர் கணக்கு. பந்தயத்துக்குப் பிறந்த பேட்டரி மத்தியானம் வரைக்கும் கொல்லையை உழுதது. நான் வரப்பில் உட்கார்ந்து அதற்காக ஒரு கவிதை யோசித்தேன். எறும்பு கடித்ததில் நின்றுபோயிற்று.

திரும்பி வந்ததும் அருள் யாரையும் தொட விடாமல் தானே மாட்டினான், பிளஸ்ஸைப் பாடியில். பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடைசல். களியை மெல்லக் கூடாது, முழுங்க வேண்டும் என்று கோவிந்தன் சொல்லிக் கொடுத்தார். எனக்கு மெல்லாமல் எதையும் முழுங்கிப் பழக்கமில்லை. வீட்டார் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தனின் தம்பி மட்டும் கொஞ்ச நேரம் அங்கே இல்லை. அதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

தருமபுரி டவுன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி மறுபடி நின்றது. சீட்டுக்குப் பின்னால் இருந்த மூடியைத் திறந்தால், ஒயர்கள் இடம் மாறியிருந்தன. அதுவும் ஏனோதானோ என்று இல்லை. லூஸாகாமல் இருக்கத் துணி சுற்றி, சணல் கட்டி, மஞ்சள் குங்குமம் வைக்காத குறையாக. எதிரே சைக்கிளில் வந்தவர் கோவிந்தனின் பங்காளியாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அந்த வீட்டு வழக்கம் இன்னதென்று அவர்தான் விளக்கினார். விருந்தாளி தப்புப் பண்ணினால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. அவருக்குத் தெரியாமல் சரி பண்ணிவிட வேண்டும். தெரிந்தால் அவர் சாப்பாடு இறங்காதாம்.

"நல்ல மனுசங்க" என்றான் அருள். அழுதுவிடுவான் போலிருந்தது.

வண்டியை நாங்களும் பங்காளியும் தள்ளிக்கொண்டு ஒரு பேட்டரிக் கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கடைக்காரரின் மனைவி சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தார். கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் பேட்டரிகள், பின்னால் அடுப்பு. சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரி ஒன்றை இரவலாகக் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை பூசை, மைசூர், எல்லாவற்றையும் அருள் சொன்னான். அந்த அம்மாள் இரக்கத்தோடுதான் கேட்டுக்கொண்டார்.

"வெளக்கு வெச்சாச்சுங்க. வெள்ளிக்கெழம பொழுது சாஞ்சு வூட்ல இருந்து வெளிச்சம் வெளிய போகக் கூடாது."

இது வெளிச்சம் இல்லையம்மா, ஆசிட்டும் ஈயமும்தான் என்று நான் வாதாடிப் பார்த்தேன்.

"அப்ப உள்ள ஏத்தி வெச்சிருக்கறது என்னங்க?" என்று கேட்டார்.

இருபது வருஷமாக வெளிச்சத்தைப் பற்றி எழுதி வருகிறேன். கடை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் வெளிச்சம் வெளியேதான் போகக் கூடாது, உள்ளே வருவதற்குத் தடையில்லையாம். எங்கள் பேட்டரியை உள்ளே வாங்கிக்கொண்டார். ராத்திரி முழுக்க அது அவர் வீட்டுக் கரண்டைக் குடித்தது. நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில், மூட்டைப்பூச்சிகள் எங்களைக் குடிக்கப் படுத்துக் கிடந்தோம்.

சனிக்கிழமை காலையில் கடைக்காரர் பேட்டரியோடு வந்தார். தீய்ந்த பெட்டிக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு ஏதோ ஒரு ஒயரைத் துணியால் சுற்றியதும் ஹாரன் ஒழுங்குக்கு வந்தது. பிறகு சிவப்பு ஒயரைப் பார்த்தார், பிளஸ்ஸைப் பார்த்தார். அருள் வாயைத் திறந்தான். இந்த இரண்டு நாளில் அவன் மாறாமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான், அதை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. திறந்த வாயை ஒரு நொடி அப்படியே வைத்திருந்தான். பிறகு அவன் முகத்தில் பழைய காற்று வீசியது.

"குளிர் தேசத்து வண்டிங்க இது. அங்கெல்லாம் கரண்டு மொதல்ல பாடியச் சூடு பண்ணிட்டு அப்பறந்தான் பல்புக்குப் போவும். அதனால பிளஸ்ஸ பாடியில கொடுத்துருவாங்க."

கடைக்காரர் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காலை வெயில் அதில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.

"அதான பாத்தேன். வெதுவெதுன்னு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பிளஸ்ஸைப் பாடியில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி ஓடியதை நான் எப்படிச் சொல்வேன். பாலக்கோட்டைத் தாண்டும்போது தக்காளிக் கூடைகளின் புளிப்பு வாசனை கூரையில்லாத தலைக்கு மேல் நதியாகப் போயிற்று. முள் நடுவில் அமைதியாக நின்றது. விளக்கைப் போட்டால் விளக்கே எரிந்தது. இரண்டு நாளாக ஒவ்வொரு சுவிட்சுக்கும் பயந்துகொண்டிருந்த அருள், பட்டப்பகலில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ஓட்டினான். நிஜமான ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் எப்படி இருப்பான் என்பது அவனுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்.

மாரண்டஹள்ளி மார்க்கெட்டில் நிறுத்தினான். தலை சீவிக்கொண்டு மல்லிகைப்பூ வாங்க வேண்டுமாம். வேண்டாம், நேரே போ என்றேன். புருஷன் பூவில்லாமல் போகக் கூடாது என்றான். பூக்கடையில் இருந்து திரும்பிப் பார்த்தபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் ஒரு முதுகு குனிந்திருந்தது. அருள் பூவோடு ஓடினான். முதுகு நிமிர்ந்தது. காய்கறி டெம்போ ஓட்டுகிற அந்தோணி, ஸ்டெல்லாவின் அண்ணன்.

"யாரு வண்டின்னு தெரியாமதான் மாப்ள கைய வெச்சேன்" என்றார். குரலில் கொஞ்சம்கூடக் கெட்ட எண்ணமில்லை. "எவனோ பேட்டரிய மாத்தி மாட்டியிருந்தான். நாந்தான் சரி பண்ணேன்."

சரி பண்ணி, அருள் வண்டியிலேயே விட்டிருந்த சாவியால் ஸ்டார்ட் செய்தும் பார்த்து, கூட்டத்துக்கு இன்ஜினை முறுக்கிக் காட்டியும் விட்டிருந்தார். அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து இந்தத் தடவை வாடை மட்டும் வரவில்லை, புகையும் வந்தது. அருள் சாவியைத் திருப்பினான். ஒரு சத்தமும் இல்லை. அவன் வாயிலும் ஒரு சத்தமும் இல்லை.

டெம்போவில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்குப் பின்னால், தலை சீவிய ஒரு மனிதன் இன்ஜின் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனான். தெரு முழுக்க வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது.

ஸ்டெல்லா வெளியே வந்தாள். வாசலுக்கு உள்ளே, கட்டி வைத்த டிரங்குப் பெட்டி தெரிந்தது. நான் முன்னால் போய், வந்த வேலையை ஆரம்பித்தேன். இந்த வண்டி அருளுடையதுதான், காலையில் பறந்து வந்தது, காற்றைக் கிழித்து, ஒரு சிவப்புப் பறவையாக—

"நீங்க செத்த சும்மா இருங்க சார்" என்றாள்.

வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். உள்ளே கையை விட்டு ஒவ்வொரு சுவிட்சாக இழுத்துப் பார்த்தாள். விளக்கு இல்லை. ஹாரன் இல்லை. கடைசிச் சுவிட்ச் கையோடு வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"இது யாருதுங்க?"

"என்னுது" என்றான் அருள். அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

தெருவில் யாரோ மேனேஜர் வண்டி என்றார்கள். அந்தோணி, பேட்டரியைத் தப்பாக மாட்டத் தெரிந்தவன் காரை எங்கிருந்து வாங்கியிருப்பான், எவனிடமோ இரவல் வாங்கி வந்திருப்பான் என்றார். சிரிப்பு பரவியது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"இவுரு புளுகற வண்டியா இருந்தா ஓடியிருக்குமேண்ணா" என்றாள். "இவுரு சொன்னதுல எது ஓடாம இருந்துச்சு? எல்லாம் நல்லா ஓடிச்சே. இது ஒண்ணுதான் நிக்குது. அப்ப இது நெசந்தான்."

அருளின் முகம் மலர்ந்தது. வாயும் திறந்தது. எஸ்டேட்டில் இன்னொரு வண்டி என்று ஏதோ தொடங்கினான்.

"ஒண்ணு போதுங்க" என்றாள். "பேசிப் பேசி இதையும் ஓட உட்டுராதீங்க. இப்ப இது கெளம்பறதுக்கு என்னா பண்ணணும்? அத மட்டும் சொல்லுங்க."

அருள் மெதுவாகச் சொன்னான். தீய்ந்த பெட்டியின் ஒயரைக் கழற்றிவிட்டு, நல்ல பேட்டரி வைத்தால் கொஞ்ச தூரம் ஓடும். ஆனால் பிளஸ் பாடியில் சேர வேண்டும். தெரு மறுபடி சிரித்தது. அந்தோணி சிரிக்கவில்லை, பயந்தார். பிளஸ்ஸைப் பாடியில் கொடுத்தால் வண்டி முழுக்கக் கரண்ட் பாயும், தொட்டவன் சுருண்டு விழுவான், பேட்டரி வெடிக்கும் என்றார். அதைவிட, மாட்டப்போகிற நல்ல பேட்டரி அவருடைய டெம்போவில் இருந்தது.

"அவுரு சொல்ற மாதிரியே மாட்டுண்ணா" என்றாள் ஸ்டெல்லா.

அருள் தீய்ந்த பெட்டியின் ஒயரைக் கழற்றினான். அந்தோணி டெம்போ பேட்டரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். காலுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டார். ஸ்பானருக்குச் சைக்கிள் டியூப்பைச் சுற்றினார். தெரு எட்டடி பின்வாங்கியது. சில பேர் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போனார்கள். நானும் போனேன். ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தோணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டியில் கொதிக்கிற எண்ணெயில் வடை போடுகிறவரைப் போலக் கையை நீட்டி, பிளஸ்ஸைப் பாடியில் வைக்கப் போனார்.

அப்போதுதான் அவள் கதவைத் திறந்து வண்டிக்குள் ஏறினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில், இரும்புக் கதவின் மேல் வெறுங்கையை நன்றாக ஊன்றி உட்கார்ந்தாள். அண்ணன் இறங்கச் சொன்னார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அருள்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொன்ன ஒன்றை நம்பி ஒருவர் உயிரை வைப்பதை அவன் அதுவரை பார்த்ததில்லை. அவனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு சுற்றி வந்து அவனும் ஏறிக்கொண்டான்.

ஒயர் பட்டது. ஒரு சின்னப் பொறி. வேப்பமரத்துக்குப் பின்னால் எல்லோரும் கண்ணை மூடினோம். திறந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் டிரங்குப் பெட்டியை அந்தோணியே தூக்கி வந்து பின்னால் வைத்துக் கயிறு கட்டினார். ஒயரை மட்டும் அவர் மறுபடி பார்க்கவில்லை. அருள் என்னைத் தேடினான். அந்த வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, பாலக்கோட்டு பஸ் எங்கே நிற்கும் என்று வேப்பமரத்தடியில் இருந்தவர்களிடம் கேட்டேன்.